பழைய உழவு இயந்திரத்துக்குச் செயற்கை மசகு எண்ணெய் மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காலபோக நெல்லுக்கு நிலத்தைத் தயார் செய்யும் காலம் குறுகியது. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் புழுதி உழவு முடிந்து, பெருமழைக்கு முன் விதை நிலத்தில் விழுந்துவிட வேண்டும். அவ்வேளையில் உழவு இயந்திரம் பழுதாகிக் கராச்சில் நின்றால், உரிமையாளரின் வயல் மட்டுமன்றி, அவரிடம் கூலிக்கு உழுவித்துக்கொள்ளும் அயலவரின் வயல்களும் பிந்திவிடும். பிந்திய விதைப்பை மழை வெள்ளம் மூடும். இல்லையேற் கதிர் முற்றும் தறுவாயில் ஈரம் போதாது போகும். ஆகையால் எஞ்சினுக்குள் ஊற்றும் எண்ணெயைப் பற்றிய விஷயம் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் உரியதன்று.

குடாநாட்டில் ஓடும் இயந்திரங்களிற் பல வயதில் மூத்தவை. 1957 இல் வெளிவந்த மசி பேர்கசன் 35, 1964 இல் வெளிவந்த 135 என்னும் நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் இன்றும் வயலில் இறங்குகின்றன. லான்ட்மாஸ்ரர் என்பது ஆங்கில நாட்டுக் கம்பனி ஒன்றின் பெயராயிருந்தும், எங்கே செய்யப்பட்ட இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் அப்பெயராலேயே அழைக்கும் வழக்கம் இங்கு நிலைத்துவிட்டது. 1948 இல் முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரும், அதன் காலத்து ஒஸ்ரின் ஏ-40 காரும் வெங்காய மூடைகளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளாகும். இவற்றை வைத்திருப்போர், இப்பொழுது கடைகளிற் பரவலாகக் கிடைக்கும் செயற்கை மசகு எண்ணெயை ஊற்றலாமா என்று வினவுகின்றனர். ஊற்றினால் எஞ்சின் புதிதாகும் என்பாரும் உளர். பழைய எஞ்சின் பாழாகிவிடும் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் சரியல்ல.

செயற்கை எண்ணெய் எது?

வழக்கமான மசகு எண்ணெய், நிலத்தடியிலிருந்து எடுக்கும் கனிய எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்துப் பெறப்படுவது. அதிற் பெரியவையும் சிறியவையுமான பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். சிறிதளவு மெழுகும் கந்தகமும் எஞ்சியிருக்கும். செயற்கை எண்ணெயோ, சிறிய வாயு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ ஒரே அளவினவாக ஆக்கப்படுவது. நெல்லோடு பதரும் கல்லும் கலந்திருப்பதற்கும், தூற்றிப் புடைத்துத் தெரிந்தெடுத்த விதைநெல்லுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கனிய எண்ணெய் போதாதிருந்த ஜேர்மனியர் இத்தகைய எண்ணெயை ஆக்கினர். பின்னர் ஆகாய விமான எஞ்சின்களுக்கு அது பயன்பட்டது. மோட்டார் வாகனங்களுக்குரியதாகக் கடைகளில் அது பரவத் தொடங்கியது 1970 களிலேயாகும்.

இன்று “செயற்கை” என்ற பெயரோடு விற்கப்படும் கலன்கள் யாவும் இம்முறையில் ஆக்கப்பட்டவையல்ல. கனிய எண்ணெயையே ஐதரசன் வாயுவோடு மிகுந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் உடைத்துத் திருத்தியதையும் அப்பெயரால் விற்கலாம் என்பது, 1999 இல் அமெரிக்காவில் இரு எண்ணெய்க் கம்பனிகளுக்கிடையே எழுந்த விளம்பரப் பிணக்கின் முடிவாகும். “பகுதிச் செயற்கை” என்பதில் எவ்வளவு பங்கு செயற்கை எண்ணெய் என்பதைக் கலன் பெரும்பாலும் சொல்வதில்லை. எனவே பெயரைப் பார்த்து விலை கொடுப்பதிலும், கலனில் உள்ள எண்களைப் படித்து வாங்குவதே பயனுடையது.

செயற்கை எண்ணெயின் நற்குணங்கள் உண்மையானவை. கடுங்குளிரில் அது உறைந்து தடிப்பதில்லை. மிகுந்த வெப்பத்தில் விரைவிற் கெடுவதில்லை. ஆவியாகிக் குறைவதும் குறைவு. முதலாவது குணமே அது மேல்நாடுகளிற் பெயர் பெற்றதற்குப் பெருங்காரணம். பனியில் நின்ற வண்டியைக் காலையில் இயக்கும்பொழுது, தடித்த எண்ணெய் மேலே ஏறுமுன் உலோகம் உலோகத்தோடு உரைந்துவிடும். மார்கழிப் பனியிலும் குளிர் என்பது போர்வைக்குள் அடங்கிவிடும் யாழ்ப்பாணத்தில், இந்நன்மைக்கு விலை கொடுப்பது வீண். இரண்டாவது குணமே இங்கு பிரயோசனமானது.

கலனிலுள்ள எண்கள்

15டபிள்யூ-40 என்று ஒரு கலனில் இருந்தால், டபிள்யூ எழுத்தோடு நிற்கும் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். அடுத்துள்ள 40 என்பது, நூறு பாகை செல்சியசில், அதாவது எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும். பழைய எஞ்சினுக்கு முக்கியமானது இந்தப் பின்னெண்ணே. முற்காலக் கைநூல்கள் எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 என ஒற்றை எண்ணைக் கூறியிருக்கும். தேய்ந்த எஞ்சினில் பெயாரிங்குக்கும் தண்டுக்கும் இடையே வெளி கூடியிருப்பதால், மெல்லிய எண்ணெய் அங்கே நில்லாது வழிந்து, எண்ணெய் அமுக்கம் குறையும். புதிய கார்களுக்கென விற்கப்படும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆகிய மெல்லிய தரங்களை, செயற்கை எண்ணெய் என்ற காரணத்தால் மட்டும், பழைய உழவு இயந்திரத்துக்கு ஊற்றுதல் பெருந்தவறாகும். செயற்கை எண்ணெயிலும் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்னும் தரங்கள் உண்டு.

இன்னொன்றும் உண்டு. பழைய எஞ்சின்களில் வால்வைத் தூக்கும் உறுப்பு, சுழலும் தண்டின் மேட்டிலே நேராக உராய்ந்து வேலை செய்வது. அவ்விடத்தைக் காப்பதற்கு நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு மருந்து எண்ணெயிற் கலக்கப்படும். புதிய பெற்றோல் கார்களுக்குரிய மெல்லிய எண்ணெய்களில், புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவி கெடாதிருக்க, இம்மருந்தைக் குறைத்திருப்பர். டீசல் எஞ்சினுக்கு ஏற்றவை என்று சீ.எச்-4, சீ.ஐ-4 அடையாளமிட்ட எண்ணெய்களில் அது போதியளவு இருக்கும். அதனால் அனுபவமுள்ள சிலர் மொறிஸ் மைனருக்கும் டீசல் எண்ணெயையே ஊற்றுவர். அது தவறான வழக்கமன்று.

ஒழுக்கு ஏன் தோன்றுகிறது?

செயற்கை எண்ணெய் மாற்றியதும், அதுவரை உலர்ந்திருந்த எஞ்சின் எண்ணெய் சிந்தத் தொடங்குவதுண்டு. இதற்குக் காரணங்கள் இரண்டு. முன்னாளிற் செய்யப்பட்ட செயற்கை எண்ணெய்கள் இறப்பர்ச் சீல்களைச் சற்றுச் சுருங்கச் செய்தன. கனிய எண்ணெயோ அவற்றைச் சற்று ஊதச் செய்வது. இக்குறை இப்பொழுது வேறு பொருள்களைக் கலந்து பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது காரணம் இன்றும் உள்ளது. நெடுநாட் பழைய எஞ்சினில் கரியும் பிசினும் சேறு போலப் படிந்து, வெடித்த கஸ்கற்றையும் தேய்ந்த சீலையும் அடைத்திருக்கும். புதிய எண்ணெயிற் கலந்துள்ள சலவை மருந்து அப்படிவைக் கரைக்கும். எண்ணெய் துவாரத்தை உண்டாக்கவில்லை. துவாரத்தை அடைத்திருந்த அழுக்கை அகற்றிற்று. மேலும், அக்காலத்து எஞ்சின்களிற் சிலவற்றின் பின்புறத் தண்டுக்கு இறப்பர்ச் சீல் இல்லை. கயிறு போன்ற அடைப்பு மாத்திரமே உண்டு. மொறிஸ் மைனரில் அதுவுமின்றி, எண்ணெயை உள்ளே திருப்பும் புரி மட்டுமே இருக்கும். இவை புதிதாயிருந்த நாளிலும் சில துளி சிந்தியவையே.

குடாநாட்டு எஞ்சின்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் டீசலும் இங்கு கிடைத்தற்கு அரிய பொருள்களாயின. தொண்ணூறுகளின் முற்பகுதியிற் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மசகு எண்ணெய்க்கும் முட்டுப்பாடு இருந்தது. அந்நாளைய மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தை எவரும் குறைத்துக் கூறவியலாது. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுதும் ஆவியாவதில்லை. எரியாத பகுதி உருளையின் சுவரால் இறங்கித் தொட்டியிலுள்ள எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெயில் வளையங்களும் பெயாரிங்குகளும் தேயும். அக்காலத்தைக் கடந்து வந்து, பின்னர் முறையாகத் திருத்தப்படாத எஞ்சின் எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றினாலும் இளமை பெறாது.

புழுதியே முதற் பகை

வலிகாமத்துச் செம்மண் உலர்ந்தால் மாவாகும். புழுதி உழவின்போது இயந்திரத்தைச் சூழ்ந்து எழும் செந்தூசில் ஒரு சிட்டிகை எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டாலும், அது எண்ணெயோடு கலந்து அரம்போல வேலை செய்யும். இதைத் தடுப்பது எண்ணெயின் இனமன்று, காற்று வடிகட்டியே. பழைய உழவு இயந்திரங்களின் காற்று வடிகட்டியின் அடியில் ஓர் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. அதை உழவு நாட்களிற் தினந்தோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியிற் சேறு தங்கியிருந்தால் ஊற்றிவிட்டுக் கழுவிப் புதிய எண்ணெயைக் குறி வரை நிரப்ப வேண்டும். குறிக்கு மேல் நிரப்பினால் எஞ்சின் அதனை உறிஞ்சிவிடும். இக்கிண்ணத்துக்குச் சாதாரண கனிய எண்ணெயே போதும். காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், கிண்ணத்தை நாடோறும் கழுவியும் பயனில்லை.

டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகிறது. அதனை முறிக்கும் மருந்தும் எண்ணெயில் கலக்கப்பட்டிருக்கிறது. அம்மருந்து வேலை செய்யச் செய்யத் தீரும். எண்ணெய் கனியமாயினும் செயற்கையாயினும் தூசி சேர்வதும், கரி சேர்வதும், மருந்து தீர்வதும் நில்லாது நடக்கும். ஆகவே, “செயற்கை எண்ணெய் ஊற்றியாயிற்று, இவ்வருடம் முழுதும் மாற்ற வேண்டியதில்லை” என்றிருப்பது எஞ்சினைக் கொல்லும் வழியாகும்.

கணக்குப் பார்த்தல்

கனிய எண்ணெயின் விலை லீற்றருக்கு ஒரு பங்கு என்றும், செயற்கை எண்ணெயின் விலை இரண்டரைப் பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். எண்ணெய்த் தொட்டி 7 லீற்றர் கொள்ளும். கனிய எண்ணெயை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். ஒழுக்கில்லாத எஞ்சினுக்கு 100 மணித்தியாலச் செலவு 7 பங்கு. செயற்கை எண்ணெயை நிரப்ப 17½ பங்கு வேண்டும். அது 250 மணித்தியாலம் உழைத்தாற்றான் செலவு சமமாகும். இனி, 50 மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் குடிக்கும் தேய்ந்த எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கனிய எண்ணெயில் 100 மணித்தியாலச் செலவு 9 பங்கு. இடையிடையே ஊற்றும் எண்ணெயும் விலை கூடியதாகையால், செயற்கை எண்ணெய் ஏறத்தாழ 440 மணித்தியாலம் மாற்றாமல் ஓடினாற்றான் கணக்குச் சரியாகும். செம்மண் புழுதியில் எந்த எண்ணெயையும் 440 மணித்தியாலம் வைத்திருத்தல் தகாது. எனவே எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்குச் செயற்கை எண்ணெய் நட்டமே. அப்பணத்தை வளையங்களுக்கும் சீல்களுக்கும் செலவிடுதல் நன்று. நல்ல நிலையிலுள்ள, நெடுநேரம் பாரம் இழுத்துச் சூடேறும் நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு அது பயனளிக்கக்கூடும்.

இரண்டு சில்லு இயந்திரங்களிற் சிலவற்றின் ஒற்றை உருளை எஞ்சினில் கடதாசி வடிகட்டி இல்லை. கம்பிவலைச் சல்லடை மாத்திரமே உண்டு. அது நுண்ணிய தூசியைப் பிடிக்காது. அழுக்கை வெளியேற்றும் ஒரே வழி எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே. அதற்கு உகந்தது விலை குறைந்த, நல்ல தரமுள்ள கனிய எண்ணெய்.

மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதே புத்திமதி பொருந்தும். மண்ணெண்ணெய் கலந்து நீர்த்த எண்ணெயின் அளவு குறையாமலிருப்பது மட்டுமன்றி, சில வேளைகளிற் கூடியும் காணப்படும். அளவுக்கோலை இழுத்து முகர்ந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணக்கும். “எண்ணெய் குறையவே இல்லை” என்று மகிழ்வதற்கு அங்கே இடமில்லை.

மோட்டார் சைக்கிளில் வேறொரு கவனம் வேண்டும். பெரும்பாலானவற்றிற் கிளச்சும் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். எரிபொருளைச் சேமிக்குமென விற்கப்படும் கார் எண்ணெயை ஊற்றினால் கிளச்சு வழுக்கும். கலனில் ஜாசோ எம்.ஏ. என்ற அடையாளம் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மாற்றும் முறை

மாற்ற விரும்புவோர் அதனை உழவுக் காலத்தில் தொடங்கலாகாது. அறுவடை முடிந்து இயந்திரம் ஓய்ந்திருக்கும் மாதங்களே தக்கவை.

முதலில் எஞ்சினைப் பரிசோதிக்க வேண்டும். இரவு ஒரு வெளிறிய மட்டையை அடியிற் பரப்பி, காலையில் எத்தனை இடங்களில் எண்ணெய் விழுந்துள்ளது என்று நோக்குக. எஞ்சின் சூடேறி ஓடும்பொழுது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை மெல்லத் திறந்தால், சிறிதளவு ஆவி வருவது இயல்பு. ஊதுலையைப் போலப் புகை தள்ளினால் வளையங்கள் தேய்ந்துள்ளன. புகைக்குழாயில் நீலப்புகை காண்பதும் அதன் அறிகுறி. டீசல் எஞ்சினில் எண்ணெய் மாற்றிய சில மணித்தியாலத்திற் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. உடனே எஞ்சினை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இவ்வாறான குறைகள் இருப்பின் அவற்றைத் திருத்தியபின்னரே எண்ணெயைப் பற்றி யோசிக்கலாம். முழுதும் பிரித்துத் திருத்திய எஞ்சினுக்கு முதல் 50 மணித்தியாலமும் கனிய எண்ணெயே ஊற்றுதல் நன்று. அப்பொழுதுதான் புதிய வளையங்கள் உருளையோடு ஒத்துப் படியும்.

பரிசோதனையில் தேறிய எஞ்சினுக்கும் உடனே செயற்கை எண்ணெய் வேண்டாம். சலவை மருந்துள்ள சாதாரண 15டபிள்யூ-40 டீசல் எண்ணெயை ஊற்றி, வழக்கமான காலத்தின் பாதியில் வடித்து, வடிகட்டியையும் மாற்றுக. இதனை மீண்டும் ஒருமுறை செய்க. உள்ளே படிந்த சேறு சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவரும். ஒழுக்கு வெளிப்படுவதானாலும் இப்பொழுதே, விலை குறைந்த எண்ணெயோடு, வெளிப்பட்டுவிடும். தொட்டிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனைக் கைவிட வேண்டும். சேறு கட்டியாகப் பெயர்ந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் பெயாரிங் உருகிவிடும்.

இரண்டு முறையும் ஒழுக்குத் தோன்றாவிடின், எஞ்சின் சூடாயிருக்கும்பொழுது எண்ணெயை முற்றாக வடித்து, புதிய வடிகட்டி பூட்டி, அதே பின்னெண்ணுள்ள செயற்கை எண்ணெயை நிரப்பலாம். உள்ளே சிறிது பழைய எண்ணெய் தங்குவதாற் கெடுதியில்லை. அவசரத்துக்குக் கனிய எண்ணெயைச் சேர்த்து ஊற்றவும் தடையில்லை. முதற் பத்து மணித்தியாலமும் அளவுக்கோலை அடிக்கடி பார்க்க வேண்டும். அமுக்கமானி இருக்குமாயின், எஞ்சின் சூடேறிய நிலையில் அது முன்னர் காட்டிய அளவை விடக் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். குறைந்தால் முந்திய எண்ணெய்க்கே திரும்புவதில் வெட்கமொன்றுமில்லை. மணித்தியாலம் காட்டும் கருவி இல்லாதவர், ஒரு கொப்பியில் உழுத பரப்புகளையும் ஊற்றிய டீசலையும் குறித்து வருதல் போதுமானது.

வடித்த எண்ணெய்

இம்முறையில் மூன்று தடவை எண்ணெய் வடிப்பதால், கழிவெண்ணெய் இருபது லீற்றர் அளவிற் சேர்ந்துவிடும். அதனை வேலியோரத்தில் ஊற்றுவதும், கறையான் ஏறாதிருக்கக் கிணற்றடித் தூண்களுக்குப் பூசுவதும் இங்கு பலகாலமாக உள்ள பழக்கம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் உள்ள நீர் யாவும், வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் அடியில் மழையாற் சேர்ந்த நீரே. மேலே ஊற்றியது கீழே இறங்க நெடுநாள் செல்லாது. சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாகி, கிணறுள்ள வீட்டாரே பவுசர் நீருக்குக் காத்து நின்றதைப் பலர் மறந்திரார். அவ்வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. செயற்கை எண்ணெயாயினும் எஞ்சினில் ஓடிக் கழிந்தபின் கனிய எண்ணெயைப் போன்றே நஞ்சுடையது. மாட்டின் புண்ணுக்கோ உண்ணிக்கோ அதனைப் பூசலாகாது. கையிற் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

வடிக்கும்பொழுது அகன்ற தட்டை அடியில் வைத்து, ஆறியபின் மூடியுள்ள கலனில் ஊற்றி, “கழிவெண்ணெய்” என்று எழுதி, கிணற்றுக்கும் சிறுவர் கைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதிலே நீரையோ பெற்றோலையோ கலக்கலாகாது. கலந்தால் எடுப்பார் இல்லை. பழைய வடிகட்டியைக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டு, அதில் ஊறி நின்ற எண்ணெயையும் அக்கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் சேர்க்கும் சேவிஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.